நாலு வார்த்தை திட்டுங்க

“ஐயோ... கிராணி!”

காளியம்மாவின் அலறல் முள்கம்பி வேலியைத் தாண்டிக் கேட்டது.

ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. அவள் பொதுச் சமையற்கட்டின் சமையல்காரி. வெள்ளைக்கார அரசின் அவசரகாலச் சட்டம் வந்தபின் எந்தத் தொழிலாளியின் லயத்து வீட்டிலும் வேகாத அரிசி இருக்கக் கூடாது. ஒரே இடத்தில் ஆக்கி, சோறாகத்தான் கொடுக்க வேண்டும். அரிசியாக வெளியே போனால் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும். சோறு அவ்வளவு தூரம் தாங்காது... ஊசிவிடும்.

தோட்டக் கணக்கையும் ஆட்களையும் பார்க்கும் பெரிய கிராணி சிவானந்தம் ஓடி வந்தார்.

ஸ்டோரில் மூட்டைகள் அடுக்குக் குலையாமல் இருந்தன. காளியம்மா ஒன்றைக் கிழித்தாள்.

கொட்டியது... மரத்தூள்!

“ஸ்டோர்காரன் அர்ஜுனன் எங்க?”

“காலைலேர்ந்து ஆளைக் காணோம். சும்மாவும் போகல கிராணி. என் நல்ல கரண்டியையும் தூக்கிட்டுப் போயிட்டான்.”

மதியத்துக்குள் கோலசிலாங்கூரிலிருந்து ஜீப் வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் நூருல் அமீன் உட்காரவில்லை. தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரை உட்கார்ந்திருந்தார். பைப் புகைந்தது. இன்ஸ்பெக்டர்தான் சிவானந்தத்திடம் பேசினார்.

“மூணாவது ஸ்டோர்காரன். மூணு பேரையும் எடுத்தது நீங்க. அரிசிய காட்டுக்கு அனுப்புறதே நீங்கதான்னு நான் எழுதினா, கோர்ட் கிடையாது, கேள்வி கிடையாது. நேரா தடுப்பு முகாம். இன்னிக்குள்ள அர்ஜுனன் என் கையில இருக்கணும்.”

சிவானந்தத்துக்கு வேர்த்தது. நடந்ததைச் சொன்னார்.

புதிதாக ஆள் வந்தால் பழைய தோட்டத்துக் கிராணிக்கு டெலிபோன் போட்டு விசாரிப்பது வழக்கம். முதல் இரண்டு பேரையும் தங்கம் என்றார்கள். இரண்டு தங்கமும் அரிசியோடு கம்பி நீட்டின. அப்புறம்தான் அவருக்குப் புரிந்தது. தொல்லை பிடித்தவனைத் தள்ளிவிடப் புகழ்கிறார்கள். நல்லவனை விட மனமில்லாமல் திட்டுகிறார்கள்.

அர்ஜுனனைப் பற்றிக் கேட்டபோது, பழைய தோட்டத்து நாராயணசாமி மூச்சு விடாமல் திட்டினார். சிவானந்தம் சந்தோஷமாக வேலை கொடுத்துவிட்டார்.

“என்னான்னு திட்டுனாரு?”

“திருடன்னாரு சார்.”

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தார்.

“திருடன்னு சொன்னவனை... ஸ்டோர்ல வெச்சீங்க.”

“எல்லா கிராணியும் இப்ப இப்படித்தான் சார் ஆள் எடுக்கிறோம்.”

டிர்ர்ர்ர்...

டெலிபோன்.

மறுமுனையில் பத்தாங் பெர்ஜுந்தைத் தோட்டத்துக் கிராணி சுப்பிரமணியம்.

“அண்ணே, அர்ஜுனன்னு ஒரு ஆள் ஸ்டோர் வேலை கேட்டு வந்திருக்கான். உங்க பேரைத்தான் சொல்றான். ஆள் எப்படி?”

சிவானந்தம் வாய்க்குழாயைப் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். இன்ஸ்பெக்டரின் கை தானாகத் தொப்பியை எடுத்தது.

“நல்லவன்னு சொல்லுங்க,” கிசுகிசுத்தார். “நாங்க போற வரைக்கும் அவன் அங்கேயே இருக்கணும்.”

சிவானந்தம் வேண்டாம் என்று தலையசைத்தார். கையை எடுத்தார்.

“சுப்பிரமணியம்... அவன் சுத்தத் திருட்டுப் பய. அரிசிய வித்துட்டு மூட்டைல மரத்தூளை அடைச்சவன். கரண்டியக்கூட விடல. போலீஸ் தேடுது. பக்கத்துல சேர்க்காதீங்க.”



மறுமுனையில்... சிரிப்பு.

“விட மனசில்லன்னா நேரா சொல்லுங்க லா அண்ணே. போலீஸ், மரத்தூள், கரண்டி... அவ்வளவு நல்ல ஆளா? சாவிய இப்பவே குடுத்துடறேன்.”

ஜீப் பறந்தது.

சாயங்காலம் அர்ஜுனன் விலங்கோடு வந்து இறங்கினான். இடுப்பில் புதுச் சாவி. கூட வந்த போலீஸ்காரர் கையில் காளியம்மாவின் கரண்டி. அரிசியை வாங்கியவன் பெயரையும் வழியிலேயே கக்கியிருந்தான். சிவானந்தத்துக்கு அதில் சம்பந்தமே இல்லை.

“ஓடிப்போன எடத்துப் பேரையே ஏன்டா குடுத்த?” காளியம்மாவுக்கு ஆறவில்லை.

“அவரு திட்டுவாருன்னு தெரியும்க்கா. திட்டினாத்தான் இப்ப வேலை கிடைக்குது.”

இன்ஸ்பெக்டர் நூருல் அமீன் துரையிடம் போய் விறைப்பாக நின்றார். சிவானந்தம் நாணயமானவர், கெட்டிக்காரர், இப்படிப்பட்ட ஆள் கிடைப்பது அபூர்வம், தானே பொறுப்பு என்று அடுக்கினார்.

துரை வாயிலிருந்து பைப்பை எடுத்தார். சிவானந்தத்தை மேலும் கீழும் பார்த்தார்.

சந்தேகமாக.

சிவானந்தத்தின் முகம் வெளிறியது. இன்ஸ்பெக்டரின் காதோரம் குனிந்தார்.

“சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்... என்னையும் நாலு வார்த்தை திட்டிட்டுப் போங்க லா.”