பதிமூன்று லிட்டர் தண்ணீர்

முடிவு சொல்ல நாற்பத்தெட்டு மணி நேரம் இருந்தது. புதன்கிழமை மாலை ஆறு மணிக்குப் பழைய காரைக் கட்டி இழுத்து வந்து பட்டறையில் விட்ட பல் டாக்டரம்மா, வெள்ளிக்கிழமை அதே நேரத்துக்கு வருவதாகச் சொன்னார்.

"பிடிச்சா வச்சுக்குங்க. இல்லேன்னா உடைக்கப் போட்டுடறேன்."

வண்டி அவருடைய அண்ணனுடையது. அண்ணன், அண்ணி இருவரும் காலமான பிறகு அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஓடி எத்தனையோ வருடமாகிறது.

"பின்னாடி இடது கதவு மட்டும் திறக்காது. அது அப்படியே இருக்கட்டும்."

"டிங்கர்கிட்ட வந்து கதவு திறக்காதுன்னு சொன்னா எப்படிம்மா?" என்று சிரித்தான் காந்தம்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

காந்தம் என்பது தெரு அவனுக்கு வைத்த பெயர். எந்தப் பழைய வண்டியைப் பார்த்தாலும் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து அதன் உடம்பெல்லாம் ஓட்டிப் பார்ப்பான். நல்ல தகட்டில் ஒட்டும். துருவை மறைத்துப் பட்டி பூசிய இடத்தில் வழுக்கி விழும். அவன் மனைவி அதே பட்டறையின் மூலையில் தையல் மெஷின் போட்டு வண்டிகளுக்குக் குஷன் தைத்தாள். இருவரும் இதுவரை அடுத்தவர் வண்டியின் நசுங்கலையும் கிழிசலையும்தான் பார்த்திருக்கிறார்கள். முழு வண்டி ஒன்றைத் தங்களுடையதாக்கி, எடுத்துக் கட்டி, புதிதாக்க வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை.

அவளிடம் அவனுக்குச் சொல்லாத சேதி ஒன்று இருந்தது. பதினோரு வாரம் ஆகியிருந்தது. இதற்கு முன் இரண்டு முறை வயிற்றில் தங்கவில்லை. இரண்டாவது முறை காந்தம் ஒரு மாதம் சுத்தியலைத் தொடவில்லை. பட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்தான். அதனால் இந்த முறை பன்னிரண்டு வாரம் தாண்டட்டும், பிறகு சொல்லலாம் என்றிருந்தாள். மருத்துவமனை டாக்டர் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்.

எடை எதையும் தூக்கக் கூடாது.

வியாழக்கிழமை காலையில் காந்தம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். கையிலிருந்த காந்தம் எங்குமே வழுக்கவில்லை.

"ஒரு இடத்துலகூட பட்டி இல்லடி! புதையல் இது."

ஒரே ஒரு குறைதான். பின்பக்கம் இடது மூலை அரை விரல் தாழ்ந்திருந்தது. ஸ்பிரிங் பட்டை தளர்ந்திருக்கும் என்று அடியில் படுத்து இரண்டு பட்டைகளையும் கழற்றினான்.

"அந்தப் பட்டையைக் கொஞ்சம் எடுத்துக் குடு."

"இடுப்பு வலிக்குதுங்க."

"மகாராணிக்கு இன்னிக்கு ஓய்வா? நடத்துங்க, நடத்துங்க."

இடது பட்டையை வலதிலும், வலதை இடதிலும் மாற்றிப் பூட்டினான். ஜாக்கியை இறக்கினான்.

மறுபடியும் இடது மூலைதான் தாழ்ந்திருந்தது. அதே அரை விரல்.

அவள் பின் இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குஷன்காரிக்கு இருக்கையைப் பார்த்தால் உட்கார்ந்தவரைத் தெரியும். வலப்பக்கம் ரெக்ஸின் நைந்து, நூல் வெளியே தெரிந்தது. யாரோ வருடக்கணக்காக உட்கார்ந்து எழுந்த இடம். இடப்பக்கம் தையல்கூட மங்கவில்லை. நிற்கிற வண்டியில் ஒரு பக்கமாக மட்டும் யார் வந்து உட்கார்ந்திருப்பார்கள்?

உள்ளே புளித்த பாலும் வெயிலில் காய்ந்த ரெக்ஸினும் கலந்த வாடை. முன் இருக்கையின் முதுகில், இடப்பக்கம், சின்ன ஷூ நுனி பட்ட கறைகள். ஈரத்துணியால் துடைத்தாள். சட்டென்று போய்விட்டன.

பழைய கறை அவ்வளவு சுலபமாகப் போகாது என்பது அவளுக்குத் தெரியும்.

"வலது பக்கம் எடையை ஏத்திப் பாக்கலாமா? ரெண்டும் சமமா வந்தா எவ்வளவுன்னு தெரிஞ்சுடும். தராசு மாதிரிதானே?" என்றாள்.

காந்தம் காலிக் கேன் ஒன்றை வலப்பக்க இருக்கையில் வைத்தான். அவள் லிட்டர் குவளையால் ஊற்றினாள். அவன் குனிந்து அளவுகோலைச் சக்கரத்துக்கு மேல் பிடித்திருந்தான். பதிமூன்றாவது குவளையில் கையை உயர்த்தினான்.

"பதிமூணு லிட்டர். அப்படீன்னா பதிமூணு கிலோ. சீட்டுக்கு அடியில எவனோ இரும்பைப் போட்டு மறந்துட்டான்."

வலப்பக்கமாக ஏறி, இடது இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். ஒன்றும் இல்லை. கையை எடுத்தவன் அதை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"என்னங்க?"

"சூடா இருக்குடி."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவள் முதலில் முன் இருக்கையின் முதுகைப் பார்த்தாள்.

கறைகள் திரும்ப வந்திருந்தன.

"இந்த வண்டி வேணாங்க," என்றாள்.

"காரணம் சொல்லு."

சொல்லத் தெரியவில்லை. ஷூ கறை என்று சொன்னால் சிரிப்பான்.

"சும்மா வாசலோட நின்னு பயப்படாத. அந்தக் கதவைத் திறந்துட்டா முழுசாப் பாத்த மாதிரி ஆயிடும். அப்புறம் வேணாம்னா வேணாம்," என்றான். திறக்காத கதவை வைத்துக்கொண்டு அவனுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை.

கதவின் உள்பக்க ரெக்ஸினைப் பிரிப்பது அவள் வேலை. ஆணிகளை நெம்பிப் பிரித்தாள். பூட்டுத் தண்டைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று இல்லை. பல சுற்று.

"எந்தச் சோம்பேறி மெக்கானிக் பண்ணின வேலை இது?"

மெக்கானிக் செய்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. கம்பியின் முனை யாருடைய விரலையும் குத்திவிடக் கூடாதென்று, உள்பக்கமாக மடித்து, அதன் மேல் பஞ்சு சுற்றியிருந்தது.

"வெட்டு," என்றான் வெளியிலிருந்து.

வெட்டினாள். சுற்றிக்கொண்டு வந்து வெளியே நின்று பிடியை இழுத்தாள்.

கதவு கிறீச்சிடவில்லை. யாரோ உள்ளிருந்து மெல்லத் தள்ளியது போல வந்தது.

வண்டி எழும்பியது.

அரை விரல்.

"பாத்தியா!" காந்தம் தொடையில் தட்டிக்கொண்டு குதித்தான். "கோளாறு கதவுலதான். இப்ப பாரு, சமமா நிக்குது. வாங்கிடுவோம்டி!"

அவளுடைய இடது இடுப்பில் சுருக்கென்று ஒரு வலி ஏறியிருந்தது.

மதியம் நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனாள். பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபோது, தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார்.

"பிள்ளைய வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம்மா நிப்ப? உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். தன் வெறும் மடியைப் பார்த்துக்கொண்டாள்.

நர்ஸ் எடை மெஷினைக் காட்டினார். ஏறி நின்றாள்.

"பையைக் கீழ வைம்மா."

"வச்சுட்டேன் சிஸ்டர்."

"போன வாரம் அம்பத்தொண்ணு. இப்ப அறுபத்துநாலு காட்டுது. மெஷின் மக்கர் பண்ணுது, இறங்கு." நர்ஸ் தானே ஏறிப் பார்த்தார். முகம் மாறியது. "எனக்குச் சரியாத்தானே காட்டுது?"

மறுபடி ஏறச் சொன்னார். அறுபத்துநாலு.

"கையை ஏம்மா மடக்கி வச்சிருக்க? கீழ விடு."

அப்போதுதான் குனிந்து பார்த்தாள். இடது கை மடங்கி, இடுப்பருகே எதையோ தாங்கி நின்றது.

விட முயன்றாள்.

விழுந்துவிடும் என்று கை பயந்தது.

ஆறு மணிக்குப் பல் டாக்டரம்மா வந்தார். வாசலில் நின்றபடியே வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். சமமாக நின்ற இரண்டு மூலைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"கதவைத் திறந்தீங்களா?"

"திறந்ததுலதான் எல்லாம் சரியாச்சுங்க," என்றான் காந்தம். "வண்டியை நாங்களே வச்சுக்கறோம்."

"யார் திறந்தது?"

கேள்வி அவனுக்கு. ஆனால் அவர் கண் அவளுடைய இடுப்பில் இருந்தது. ஒரு பக்கமாக ஒதுங்கி நின்ற இடுப்பு, அதைச் சுற்றி மடங்கிய கை.

டாக்டரம்மா அங்கேயிருந்த பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணன் பொண்ணு. மூணு வயசு," என்றார். குரல் தரைக்குச் சொல்வது போல இருந்தது. "பின்னாடி தூங்கிட்டிருந்தா. அண்ணி தூக்கிட்டு வந்திருப்பாங்கன்னு அண்ணன் நினைச்சார். அண்ணன் தூக்கிட்டு வந்திருப்பார்னு அண்ணி. நல்ல வெயில்."

காந்தம் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டான்.

"அதுக்கப்புறம் அந்தக் கதவை அண்ணி கட்டிட்டாங்க. தினம் சாயங்காலம் வந்து பக்கத்துல உக்காருவாங்க. யாராவது திறந்தா தூக்கச் சொல்லுவா, தூக்கினா இறங்க மாட்டான்னு சொல்லுவாங்க. புத்தி பேதலிச்சுப் பேசறாங்கன்னு நான்..."

அவள் அதற்குள் வண்டியை நோக்கி நடந்திருந்தாள். இடது கதவு திறந்தே இருந்தது. குனிந்து, தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல, மெதுவாக இருக்கையின் மேல் இடுப்பைச் சாய்த்தாள். கையை விட்டாள்.

வண்டி தாழவில்லை.

இடுப்பின் இரு பக்கமும் இரண்டு சின்ன முழங்கால்கள் இறுகின. கழுத்தில் சூடான மூச்சு பட்டது. புளித்த பால் வாடை.

"என்னடி ஆச்சு உனக்கு?" காந்தம் ஓடி வந்து தோளைப் பிடித்தான். "ஏன் அழற? இந்த வண்டி வேணாம், போகட்டும். இப்பவே திருப்பிக் குடுத்துடலாம்."

அவள் தலையை ஆட்டினாள். அடுத்த வாரம், அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வரும்போது, சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்று வைத்திருந்த சேதி அது. அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"பதினோரு வாரம் ஆச்சுங்க," என்றாள். "டாக்டர் எடை எதையும் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."