கொஞ்சம் வெளியே இருங்க

ஆபரேஷனுக்கு முன் கேள்வி கேட்க வந்த நர்ஸின் காலில் செருப்பு இல்லை. ஆபரேஷன் தியேட்டரை ஒட்டிய அறைக்குள் வெறுங்காலோடு யாரும் நுழையக்கூடாது என்பது டாக்டரே போட்ட சட்டம். மீறியவர்களை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். இன்று திட்ட வாய் வரவில்லை. சற்றுமுன் போட்ட ஊசியில் நாக்கு தடித்துக் கிடந்தது.

ஊரார் தொப்பையிலிருந்தெல்லாம் கொழுப்பை உறிஞ்சி எடுத்த மனிதருக்குத் தன் தொப்பைதான் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. கூடப் படித்த சர்ஜனை வரவழைத்து, தன் கிளினிக்கிலேயே லைப்போசக்‌ஷனுக்குப் படுத்துவிட்டார். கட்டிலோரம் மனைவி உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் நல்ல காலை வெயில். பயப்பட ஒன்றுமே இல்லை.

ஆனால் அந்த நர்ஸ் நடக்க நடக்க, ஈரத்துணியைத் தரையில் ஒற்றி எடுப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. ஸ்பிரிட் நெடிக்கு அடியில் எண்ணெய்ப் பிசுக்கின் வாடை அடித்தது. சீருடையின் விளிம்புக்குக் கீழே கணுக்கால்வரை இறுகப் பிடித்த தோல்நிற உறையும், அதிலிருந்து கசிந்து தரையில் பாதம் பாதமாகப் பதிந்த வெளிர்சிவப்பு நீரும் தெரிந்தன. கொழுப்பு எடுத்தபின் மாட்டிவிடும் உறை அது. காயத்திலிருந்து வடியும் அந்த நீரும் அவருக்குப் பழக்கமானதுதான்.

"மேடம், கொஞ்சம் வெளியே இருங்க. சார்கிட்ட தனியாக் கேக்கணும்."

"நான் அவர் பொண்டாட்டிதானேம்மா?"

"அதனாலதான் மேடம்."

மனைவி சிரித்துக்கொண்டே எழுந்து போனார். போகாதே என்று டாக்டர் சொன்னது தொண்டையைத் தாண்டவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

அந்தக் குரல் அவருக்குத் தெரியும். இரண்டு பெண் குழந்தைகளுக்குப் பிறகு வயிறு தளர்ந்துபோய் அவரிடம் கொழுப்பு எடுக்க வந்தவள். கூடவே மாமியார். பேரன் வேண்டும், அதற்கு முன் மருமகள் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று அந்தம்மாள்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று டாக்டர் கேட்டபோது மட்டும் மருமகள் மாமியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இல்லை என்றாள். அந்தப் பார்வையின் அர்த்தம் டாக்டருக்குப் புரிந்தது. மாமியாரை வெளியே அனுப்பியிருக்கலாம். அடுத்த ஆள் காத்திருந்தார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவள் குளியலறையில் மூச்சுத் திணறி விழுந்து செத்தாள். விதி என்றார் டாக்டர். அவள் புருஷன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

நர்ஸ் உடையில் வந்திருந்த அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இப்ப யாரும் இல்ல டாக்டர். கேளுங்க."

"மாத்… திரை…"

"சாப்பிட்டேன். கருத்தடை மாத்திரை. மாவு டப்பாக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். அதைச் சாப்பிட்டா ரத்தம் கட்டிக்கும்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

அவர் அழுதார். நிஜமாகவே அழுதார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"படுத்தே கிடக்காதே, எழுந்து நடன்னு சொல்லல. கெண்டைக்கால் வலிச்சா ஓடி வான்னு சொல்லல. சரி. நான் சொல்லித் தரேன்."

போர்வைக்குள் கை நுழைந்தது. ஈரக்கை. கெண்டைக்காலைப் பிடித்தது.

"இங்கதான் ரத்தம் கட்ட ஆரம்பிக்கும். அப்புறம் நெஞ்சுக்கு ஏறும்."

வலி. ரத்தக்குழாய்க்குள் ஏதோ கெட்டியாகத் திரண்டது.

கதவு திறந்தது. சர்ஜன் நண்பர் வந்தார், பின்னால் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர். நாற்காலியில் இருந்தவள் இருவர் கண்ணிலும் படவில்லை.

"என்னடா, கிளம்பலாமா? ஏதாவது சொல்லணுமா?"

டாக்டர் காலைப் பார்த்தார். நண்பரைப் பார்த்தார். மறுபடி காலை. நண்பரின் முகம் ஒரு கணம் மாறியது. அந்தப் பார்வையின் அர்த்தம் புரிந்துவிட்டது. நன்றாகவே புரிந்தது.

நண்பர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகாதுடா. தள்ளுப்பா."

சக்கரங்கள் உருண்டன. அவளும் கூடவே நடந்தாள். கை போர்வைக்குள்ளேயே இருந்தது. முழங்காலுக்கு வந்தது. தொடைக்கு வந்தது. தியேட்டர் விளக்கு மேலே எரிந்தது. எல்லோரும் கை கழுவப் போயிருந்தார்கள்.

வெள்ளைப் போர்வைக்கு அடியில், அவர் நெஞ்சின்மேல், ஐந்து விரல்கள் மெல்ல விரிந்தன.