குப்புறக் கிடந்தவள்

எலும்புக்கூடு குப்புறக் கிடந்தது.

குமரேசன் மண்வெட்டியைக் குழிக்கு வெளியே வைத்துவிட்டு அப்படியே நின்றான். மழையில் சரிந்த சுற்றுச்சுவரை எடுத்துக் கட்டுவதற்காக, அதையொட்டிய பழைய கல்லறைகளை இடம் மாற்றத் திருச்சபைக் கமிட்டி முடிவு செய்திருந்தது. அந்தக் கல்லறைத் தோட்டத்தில் வெகுகாலமாகக் குழி வெட்டுகிறவன் அவன். மேலே குடையோடு நின்ற ஃப்ளோரன்ஸ் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவள். இந்த ஒரு கல்லறையைத் திறக்கும்போது தானும் பார்க்க வேண்டுமென்று கேட்டு வந்திருந்தாள்.

சபையில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. அந்தக் காலத்தில் காலரா வந்த வருஷம், உபதேசியாரின் மனைவி அன்னபாக்கியத்தை மூச்சு நின்ற அன்றே அவசரமாகப் புதைத்தார்கள். அதற்கப்புறம் மண்ணுக்கடியிலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. நோய்க்குப் பயந்து ஒருவரும் தோண்டவில்லை. சுவரோரம் போகிறவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போனார்களாம்.

எல்லா ஊரிலும் இப்படி ஒரு கதை உண்டு, பயம் கட்டிவிட்ட கதை என்று ஃப்ளோரன்ஸ் வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்லுவாள். அது பொய்யாக இருக்க வேண்டுமென்று ராத்திரிகளில் முழங்காலிட்டு ஜெபமும் செய்வாள்.

"கவுத்துப் போட்டுப் பொதச்சிருப்பாங்களோ?" என்று கேட்டாள்.

"பொணத்த யாரு டீச்சர் கவுத்துப் போடுவாங்க." குமரேசன் நிமிரவில்லை. "முட்டிய மடக்கிகினு கீறாங்க பாருங்க. முதுக வச்சி மேல தள்ளியிருக்காங்க."

மழை தூறலாகிவிட்டிருந்தது. பக்கத்துத் தெருவின் விசைத்தறிகள் ஈரக் காற்றில் ஓயாமல் தடதடத்தன. பிளந்த மண்ணிலிருந்து வந்த புளித்த வாடை அவள் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. குழியைப் பார்க்க முடியாமல் திரும்பியவளின் கண், தோட்டத்தின் அந்தக் கோடியில் இருந்த அம்மாவின் கல்லறையில் போய் நின்றது.

கொரோனா இரண்டாம் அலையில் ஆஸ்பத்திரியிலேயே அம்மா போய்விட்டாள் என்றார்கள். ஃப்ளோரன்ஸும் காய்ச்சலோடு வீட்டில் அடைந்து கிடந்தாள். பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்த உடலைக் குழியில் இறக்கிவிட்டுப் போனில் கூப்பிட்டவன் இதே குமரேசன். "டீச்சர், உள்ள என்னமோ அசையற மாதிரி கீது. பிரிச்சிப் பாக்கட்டுமா?"

வருஷக்கணக்காகப் படுத்த படுக்கையாய்க் கிடந்த அம்மாவுக்குச் சோறு ஊட்டி, துணி மாற்றி, தூக்கம் கெட்டு அலுத்திருந்தாள் அவள். சாவுச் செய்தி வந்தபோது மனசின் ஓரத்தில் வந்த நிம்மதியை அவளுக்கு இன்றைக்கும் தெரியும். அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

"வேணாம். மூடிடு" என்றாள்.

இப்போது குழியின் விளிம்பில் குனிந்து கேட்டாள்: "அன்னிக்கி நெஜமா என்ன பாத்த, குமரேசன்?"

அவன் கை மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னான். "மழை விழுந்து பை அசையுதுன்னு நெனச்சிகினேன், டீச்சர்."

"மழை பேஞ்சிச்சா அன்னிக்கி?"

அவன் தார்ப்பாயை இழுத்து எலும்புகளை மூடினான். "பாஸ்டரய்யாவ கூட்டிகினு வந்துடறேன்" என்று சொல்லி, அவள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டான்.

கரண்ட் போயிற்று. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கடைசித் தறியும் நின்றதும், இத்தனை நேரம் அந்தச் சத்தம் தனக்கு எவ்வளவு ஆதரவாக இருந்தது என்று அவளுக்குப் புரிந்தது.

நடந்தாள். புல் கணுக்காலை நனைத்தது. வேப்பமரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் மேல் பதித்திருந்த கடப்பாக் கல் மழையில் ஊறிக் கன்னங்கரேலென்று கிடந்தது. குடையை ஓரமாகப் போட்டுவிட்டு மண்டியிட்டாள். கைகளை முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு, கல்லில் காதை வைத்தாள்.

ஒன்றுமில்லை.

மூச்சைப் பிடித்தாள். தன் இரத்தம் ஓடுவது மட்டும் கேட்டது. ஒன்றுமே இல்லை. அழுகை பொங்கியது. "மன்னிச்சிடும்மா" என்றாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.

நிமிர்ந்தாள்.

கல்லின் நடுவே ஒரு சிறு இடம் காய்ந்து வெளுத்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. தூறல் நிற்கவில்லை. அந்த இரண்டு இடத்தில் மட்டும் விழுந்த துளிகள் விழுந்தவுடனே உலர்ந்தன. அடியிலிருந்து ஏதோ சூடு.

வெளுப்பு மெல்லப் பரவியது. உள்ளங்கை. பிறகு விரல்கள்.

இரண்டு கைகள்.

எழுந்திருக்கப் பார்த்தாள்.

அவள் காதை வைத்திருந்த இடத்தில், கைகளுக்கு நடுவே, வட்டமாக ஒரு நெற்றி காயத் தொடங்கியது.