மூச்சு அடங்கின தரை

மூன்று பாலித்தீன் தாள்கள் காய்ந்த அப்பளமாகக் கிடந்தன. நான்காவது மட்டும் வேர்த்திருந்தது.

குனிந்த ஜாஸ்மின் நிமிரவில்லை. தரைக்குப் பளபளப்புக் கொடுக்கிற எபாக்ஸிக் குழம்பைப் பூசுவதற்கு முந்தின நாள், சிமெண்டுத் தரையில் அங்கங்கே தாளை விரித்து ஓரத்தில் டேப் ஒட்டிவிட்டுப் போவது வழக்கம். அடியில் ஈரம் இருந்தால் காலையில் தாளின் உள்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். இதுவோ சித்திரை மாதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கிணறுகளே கையை விரித்துவிட்ட கோடை. இந்த வீட்டு அண்டர்கிரவுண்டுக்கு மட்டும் ஈரம் எங்கேயிருந்து வந்தது? அதுவும் முத்தாக இல்லை. கண்ணாடியில் வாயை வைத்து ஊதினால் படருமே, அந்த மாதிரி வட்டமாக ஒரு வெள்ளைப் படலம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓரத்திலிருந்து சுருங்கி, உள்ளங்கை அளவாகி, காணாமல் போனது. சற்று நேரத்தில் நடுவிலிருந்து மறுபடி படர்ந்தது.

தூக்கம் கெட்ட கண் எதையும் காட்டும் என்று சொல்லிக்கொண்டு டேப்பைக் கிழித்தாள்.

தூக்கம் கெட்டது தங்கை பிரிஸ்கில்லா போனதிலிருந்து. அம்மா இறந்தபின் தலை பின்னிவிட்டு, படிக்க வைத்து, கம்பெனியில் கூடவே வைத்துக்கொண்ட பிள்ளை. தேவதானத்துப் பையன் ஒருத்தனோடு பைக்கில் ஏறிப் போய்விட்டாள் என்று கணவன் ஸ்டெபின் வந்து சொன்னான். தானே கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். பிரிஸ்கில்லாவின் போன் அணைந்தே கிடந்தது. ஜாஸ்மினுக்கு இப்போது உலகத்தில் வேண்டியது ஒன்றுதான்: அந்தக் கழுதையை எதிரே நிறுத்தி, 'என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையாட்டி?' என்று கேட்க வேண்டும். போவதற்குச் சில நாள் முன்பு, தனியாக ஒரு விஷயம் பேச வேண்டும் என்று அவள் வந்து நின்றது உண்மைதான். ஜாஸ்மின் அப்போது ஒரு பார்ட்டியோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பொறவு பேசுவோம் என்று கையைக் காட்டிவிட்டாள். அதற்காக இப்படியா முதுகில் குத்துவது?

ஜாஸ்மின் ராஜபாளையத்துப் பெயிண்டுக் கடையில் வளர்ந்தவள். அந்தக் கடையில் 'கடைசி விலை' என்றால் பேச்சு தொடங்குகிறது என்று அர்த்தம். வாங்க வந்தவன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போவான்; கடைக்காரர் தலையைத் திருப்பவே மாட்டார்; போனவன் திரும்பி வருவான்; இருவரும் காப்பி குடிப்பார்கள். ஸ்டெபினுக்கு வேலை தெரியும், அவளுக்கு வாய் தெரியும். கல்யாணத்தோடு கம்பெனியும் ஆரம்பமாகிவிட்டது. மில்காரர்களும் பேண்டேஜ் துணிக்காரர்களும் வீட்டுக்கு அடியில் கார் நிறுத்தவென்று அண்டர்கிரவுண்டு கட்டி, முதலில் பஞ்சு மூட்டையை அடுக்குவார்கள், பிறகு சம்பந்தி கண்ணில் படக்கூடாததை அடுக்குவார்கள், கார் வாசலிலேயே வெயிலில் நிற்கும். தரை மட்டும் கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டும். இந்த வீட்டுக்காரர் பஹ்ரைனில் இருந்தார். சாவி ஸ்டெபினிடம்.

ஈரம் கோத்த இடம் பின்சுவருக்கு அருகே, ஒரு கட்டில் அளவுக்குப் புதுச் சிமெண்டு போட்டு மூடிய இடம். அடியில் பைப்பு ஒழுகிற்று, வெட்டிச் சரிபண்ணி அடைத்திருக்கிறேன் என்று ஸ்டெபின் சொல்லியிருந்தான். புதுச் சிமெண்டு ஒரு மாதமாவது காயாமல் அதன்மேல் எபாக்ஸி போடக் கூடாது. இது அவனே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது.

அவள் படிக்கட்டின் கீழே நின்று விஷயத்தைச் சொன்னாள். மேலே டப்பாக்களை உடைத்துக்கொண்டிருந்தவன் கீழே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் மூச்சு அடங்கிட்டு ஜாசு. நான் பாத்துட்டேன். நீ பூசு."

மூச்சு என்பது அவர்கள் தொழிலில் தினமும் புழங்குகிற சொல். சிமெண்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு. வெயில் ஏற ஏற உள்ளே இருக்கிற காற்று விரிந்து வெளியே வரும்; அந்த நேரம் பூசினால் பூச்சு முழுக்கக் கொப்புளம். அதனால் வெயில் சாய்ந்து, தரைக்கு மூச்சு அடங்கின பிறகுதான் கடைசிப் பூச்சு. சோறு வெந்துவிட்டதா என்று கேட்பதுபோல, மூச்சு அடங்கியாச்சா என்று கேட்பார்கள்.

ஆனால் அவன் பதில் வந்த வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. யோசிக்காமல் விலை சொல்கிறவனைக் கடையில் எல்லோரும் ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

இன்னும் சில பிடிக்கவில்லை. சுந்தரபாண்டியத்திலிருந்து வருகிற வேலையாட்களை இன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தான். எப்போதும் தரையில் இறங்குகிறவன் அவன், மேலே நின்று கலக்கிக் கொடுக்கிறவள் அவள். இன்றைக்கு முதுகுவலி என்று அவளை இறக்கினான். வந்ததிலிருந்து கடைசிப் படிக்குக் கீழே அவன் கால் படவில்லை.

மதியம் அடிப்பூச்சான பிரைமரை அடித்தாள். மற்ற இடமெல்லாம் ஈரச் சட்டை போல ஒரே சீராகக் கறுத்து நின்றது. ஒட்டுப்போட்ட இடம் மட்டும் குடித்தது. ரோலரை உருட்டியதும் உள்ளே இழுத்துக்கொண்டு வெளுத்தது. மறுபடி உருட்டினாள், மறுபடி வெளுத்தது. காதைத் தாழ்த்தினால், உதட்டை ஒட்டிவைத்து உறிஞ்சுகிற மெல்லிய சத்தம். பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அதுவாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டாள். மேலே வந்து வெயிலில் நின்றபோதும் கையில் மயிர்க்கால்கள் அடங்கவில்லை.

வெயில் சாய்ந்ததும் ஸ்டெபின் வாளி வாளியாகக் கலக்கிக் கடைசிப் படியில் வைத்தான். அவள் முள் செருப்பை மாட்டிக்கொண்டாள். அடியில் ஊசி ஊசியாக நிற்கும் அந்தச் செருப்போடு ஈரப் பூச்சின்மேல் நடக்கலாம்; ஊசி குத்தின துளைகளைப் பூச்சு தானே ஓடி மூடிக்கொள்ளும். பின்சுவரிலிருந்து தொடங்கி, படிக்கட்டை நோக்கிப் பின்னாலேயே நகர வேண்டும். சாம்பல் நிறக் குழம்பை ஊற்றி, இழுத்து, பரப்பினாள். குழம்பை இறுக வைக்கிற ஹார்டனரின் மீன் கவிச்சி தொண்டையில் போய் உட்கார்ந்தது. தரை தண்ணீராகி, தண்ணீர் கண்ணாடியாகி, அதற்குள் டியூப்லைட் ஒன்று தலைகீழாக எரிந்தது. பாதி அறை முடிந்தபோது, தான் வந்த வழியை நிமிர்ந்து பார்த்தாள்.

ஒட்டுப்போட்ட இடத்தில் ஒரு கொப்புளம்.

கொப்புளம் உடைக்கிற முள் ரோலரை எடுத்துக்கொண்டு நடந்து போய் அதன்மேல் ஓட்டினாள். உடைந்தது. பூச்சு மூடிக்கொண்டது. திரும்பி நடந்தாள். பின்னால் மறுபடி பிளுக்கென்றது. அதே இடத்தில். இப்போது இரண்டு. பக்கத்தில் பக்கத்தில், சேர்ந்தே எழுந்து, சேர்ந்தே அமுங்கி, சேர்ந்தே எழுந்தன.

தரை விடுகிற மூச்சுக்குத் தாளம் கிடையாது. இதற்கு இருந்தது.

தறிகள் நின்றன. டீ நேரமாக இருக்கும். அந்த அமைதியில் கொப்புளம் எழும்போது ஒரு சத்தமும் அமுங்கும்போது வேறொரு சத்தமும் கேட்டன. அவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அது நிற்கவில்லை.

கண் தானாகச் சுவர்களைச் சுற்றியது. தண்ணீர்த் தொட்டி முன்பக்கம். கழிவுக் குழாய் முன்பக்கம். மோட்டார் முன்பக்கம். பின்சுவர் மொட்டையாக நின்றது. அதற்கு அப்பால் வெறும் மண்.

இங்கே எந்தப் பைப்பும் இல்லை.

ஸ்டெபின் கடைசிப் படியில் வந்து நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள். அது அவள் கடையில் பால்குடியிலேயே பழகின வித்தை. மறைத்த விலையைக் கறக்க வேண்டுமென்றால், வேறு பேச்சுக்கு நடுவே, கையில் வேறு சரக்கைப் புரட்டிக்கொண்டு கேட்க வேண்டும்.

"பொங்குது. இன்னும் ஒரு வாளி வேணும்," என்றாள். ரோலரைத் துடைத்தாள். "ஆமா, நம்ம பிரிசு அன்னைக்கு எத்தன மணி பஸ்ல ஏறுனா?"

"ரெண்டு மணி பஸ்சு. நாந்தான் ஏத்திவிட்டேன்னு சொன்னம்லா."

"பைக்குன்னீங்க."

அவன் வாளியைக் கீழே வைத்தான். வாளியின் கைப்பிடி கணீரென்று விழுந்து சாய்ந்தது. கோபப்படுவான் என்று நினைத்தாள், அழுவான் என்று நினைத்தாள். அவன் முகத்தில் இருந்ததோ, சரக்கு மட்டமாக வந்து இறங்கிவிட்ட வியாபாரியின் சலிப்பு.

"அவ ஒங்கிட்ட சொல்லிருவேன், சொல்லிருவேன்னே நின்னா ஜாசு," என்றான், மெதுவாக. "நான் என்ன செய்ய? மூச்சு அடங்குனத கைய வச்சுப் பாத்துட்டுத்தான் மூடுனேன். சத்தியமா அடங்கிருந்துச்சு."

அந்தச் சொல் அவளுக்குள் இறங்கச் சிறிது நேரம் பிடித்தது. காலையில் சொன்னானே. அதெல்லாம் அடங்கிட்டு. நீ பூசு.

பூசினாள். பிரைமர் குடிக்கக் குடிக்கக் கொடுத்தாள். குழம்பை ஊற்றினாள். இழுத்து மட்டம் பார்த்தாள். இத்தனை நாளாக வாய்க்கு வாய் தங்கையைத் துரோகி என்று திட்டிக்கொண்டே, அவள்மேல் முள் செருப்போடு நடந்தாள்.

"ரோலர ஓட்டு. இன்னொரு தடவ ஓட்டுனா அடங்கிரும்."

ஜாஸ்மின் ரோலரைக் கீழே போட்டாள். ஈரத்திலேயே முழங்காலிட்டாள். இரண்டு கையாலும் குழம்பை வழித்தாள். அடியில் சிமெண்டு. கல்லாக இறுகின சிமெண்டு. ஒரு விரிசல் இல்லை. நகம் பிய்ந்தது. "பிரிசு," என்றாள். "பிரிசு. அக்கா வந்துட்டேம்மா."

வழித்த பூச்சு நாலாபக்கமிருந்தும் ஓடி வந்து மூடிக்கொண்டது. மட்டமாக நிற்கவில்லை. நடுவில் மேடிட்டது. மேடு மூக்கானது. இரண்டு கொப்புளங்கள் வெடிக்காமல் இமைகளாயின. கீழே சாம்பல் நிறத்தில் ஓர் உதடு. இன்னொன்று.

இமைகள் திறந்தன. உள்ளேயும் சாம்பல் நிறம்தான். பளபளவென்று. அதில் டியூப்லைட் தெரிந்தது. குனிந்திருக்கிற ஜாஸ்மின் தெரிந்தாள். அவள் தோளுக்குப் பின்னால், படியில் உட்கார்ந்து இன்னொரு ஜோடி முள் செருப்பின் வாரை இழுத்துக் கட்டுகிற ஸ்டெபின் தெரிந்தான்.

வாய் திறந்தது. திறந்த வாயின்மேல் பூச்சு மெல்லிய தோலாக விறைத்து நின்றது. உள்ளே இழுத்தது. வெளியே உப்பியது. உள்ளே இழுத்தது.

பின்னால், ஈரத்தில் ஊசிகள் இறங்குகிற சத்தம். ஒரு அடி. பிறகு இன்னொரு அடி.

உப்பியது. இழுத்தது. உப்பியது.