நொத்தாரிசு கூப்பிடும் மத்தியானம்

இந்தப் படியிலை இனிக் கால் வைக்கமாட்டன் எண்டுதானே அண்டைக்கு இறங்கிப் போனனான். பிறகு ஏன் வந்தனான்? ஆர் என்னை இழுத்துக்கொண்டு வந்தது?

சிவதர்சினி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்டிருக்காது. அவள் பராமரித்துவந்த நொத்தாரிசின் செத்தவீடு முடிந்ததிலிருந்து அவளுடைய குரல் தேய்ந்துகொண்டே போனது. முதலில் கரகரத்தது. பிறகு சொல்லின் நுனிகள் உதிர்ந்தன. இப்போது பாதிக்குப் பாதி காற்றுத்தான் வந்தது. தொண்டை டாக்குத்தர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

வெளியே சிரோக்கோ அடித்தது. கடலுக்கு அப்பாலிருந்து மணலையும் சூட்டையும் அள்ளிவரும் காற்று. பிரான்காச்சோவில் பஸ் ஏறும்போதே பல்லுக்குள் மண் கடிபட்டது. பலேர்மோவின் லிபெர்த்தா தெருக்களில் மத்தியானச் சாப்பாட்டோடு எல்லா யன்னல்களின் மரச்சட்டங்களையும் இழுத்து மூடிவிடுவார்கள். வெயில் உச்சியில் நிற்க, வீடுகளுக்குள்ளே இருட்டு. அந்த நேரத்தில் திரியக்கூடாது, அது செத்தவர்கள் உலாவுகிற நேரம் என்று ஊர்க்காரர் பிள்ளைகளை வெருட்டுவார்கள்.

மணியை அழுத்த முன்னமே கதவு திறந்தது. நொத்தாரிசின் மகள் எமிலியானா நின்றாள். இரண்டு காதிலும் பஞ்சு.

"வந்துவிட்டாயா தர்சி. இன்னும் தொடங்கவில்லை. உள்ளே வா."

பேச்சு முழுக்க இத்தாலியனில்தான். அவள் குரலில் இவ்வளவு பணிவை சிவதர்சினி ஒரு நாளும் கேட்டதில்லை.

நொத்தாரிசு ஊராருக்கு உறுதி எழுதி, பேசிப் பிழைத்த மனிதர். பாரிசவாதம் அவருடைய வலது பக்கத்தோடு பேச்சையும் கொண்டுபோனது. மிஞ்சியது ஒரு இடது கை. அதையும் ஒரு மின்கிற்றாரையும் வைத்துக்கொண்டுதான் வீட்டை ஆண்டார். கிற்றாரை மடியில் கிடத்தி, சின்னவிரலில் மாட்டிய இரும்புக் குழாயால் கம்பியைத் தட்டி இழுப்பார். அம்பிளிஃபயர் உச்சத்தில் நிற்கும். கீழிறங்கும் இழுப்பு என்றால் தலையணையைச் சரிசெய்ய வேண்டும். சின்ன வெட்டு என்றால் தண்ணீர். அடியிலிருந்து ஏறி, உச்சியில் நின்று நடுங்குகிற ஒன்று இருந்தது. அது அவளுடைய பெயர்.

அவள் சமையலறையிலிருந்து "வாறன்" என்பாள். அந்த ஒரு தமிழ்ச் சொல் அவருக்குத் தெரியும். சொல்லாமல் வந்து முன்னால் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி இழுப்பார். ஆள் வந்தது காணாது, சொல்லும் வரவேண்டும்.

இதை அவர் படித்தது ஒரு இசைத்தட்டில். அமெரிக்கக் கறுப்பினத்தவர்கள் மின்கிற்றாரில் குழாய் போட்டு இழுத்த பழைய புளூஸ் பதிவுகளின் தொகுப்பு. பாடுகிறவன் பாதி வரியில் வாயை மூடிக்கொள்வான். மீதியைக் கம்பி சொல்லும். ஒவ்வொரு மத்தியானமும் அதைப் போடவேண்டும். முதலில் அவளுக்கு அது ஒரே அழுகையாகத்தான் கேட்டது. கேட்கக் கேட்கத்தான் விளங்கியது, அவர்கள் அழவில்லை. தாங்கள் மிதிபட்டதை மிதித்தவனின் முகத்துக்கு நேரே சொல்லுகிறார்கள். அதற்குப் பிறகு அவள் கறி கிண்டிக்கொண்டே காதைக் கொடுக்கத் தொடங்கினாள்.

செத்தவீடு முடிந்த அன்று, பிரான்காச்சோ வீட்டில், கூட இருக்கும் றோசமலரிடம் எல்லாம் சொன்னாள். றோசமலர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக்கடையில் கணவாய் துப்புரவாக்குகிறவள்.

"கடைசியாப் பெட்டிக்குப் பக்கத்திலை நிண்டு என்ன சொன்னனீங்கள் அக்கா?"

"என்னத்தைச் சொல்லுறது. போட்டு வாறன் ஐயா எண்டனான்."

றோசமலர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "செத்தவீட்டிலையோ?"

"வாயிலை வந்திட்டுதடி. ஒவ்வொரு நாளும் வெளிக்கிடேக்கை சொல்லுறதுதானே."

"எங்கடை சனம் செத்தவீட்டிலை ஒண்டும் சொல்லாமல் எழும்பிப் போறது ஏன் எண்டு நினைச்சனீங்கள்? திரும்பி வாறன் எண்டு பிணத்துக்கு ஆரும் வாக்குக் குடுக்கிறதோ? அதுவும் அந்தாள் மற்றவையின்ரை வாக்கை எழுதி முத்திரை குத்தி வைச்ச நொத்தாரிசு."

"சும்மா வெருட்டாதை."

"வெருட்டேல்லை. மேலை போயும் அவருக்குப் பதாந்தே வேணுமாம். அங்கை ஆர் உங்களைத் தூக்கிவிடுறது, செட்டை வைச்ச சம்மனசோ?"

வயதானவர்களைப் பார்க்கிறவளுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர், பதாந்தே. இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தார்கள். நடுவில் றோசமலர் சிரிப்பை நிறுத்தி அவளையே பார்த்தாள்.

சிவதர்சினியின் சிரிப்பில் சத்தம் இருக்கவில்லை.

இப்போது எமிலியானா அவளை நொத்தாரிசின் அறைக்குக் கூட்டிப்போனாள். மூடிய சட்டங்களின் இடுக்கால் வெயில் கீற்றுக் கீற்றாக நிலத்தில் கிடந்தது. கிற்றாரையும் அம்பிளிஃபயரையும் மிலானிலிருக்கும் ஒரு மச்சானுக்கு அனுப்பியாயிற்று. ஆனாலும் அம்பிளிஃபயர் சூடேறும்போது எழும்புகிற வெந்த தூசி மணம் அறையில் நின்றது. அவருக்குப் பூசும் தைல மணமும்.

"தட்டை யார் போடுகிறது?" என்று கேட்டாள் சிவதர்சினி. காற்றாகத்தான் வந்தது.

"யாரும் இல்லை."

மூலையில் இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்தது. ஊசி தானாக இறங்கியது.

அவளுக்கு மனப்பாடமான பாட்டு. அந்த மனிதன் பாதி வரி பாடினான். கம்பி மீதியைச் சொன்னது. அடுத்த பாதி. மறுபடி கம்பி.

மூன்றாம் தரம் கம்பி பாட்டுக்குள் வரவில்லை.

அடியிலிருந்து ஏறியது. உச்சியில் நின்று நடுங்கியது.

பிறகு ஒன்றுமில்லை. பாடகன் இல்லை, மேளம் இல்லை. காலியான தடத்தில் ஊசி கரகரத்தது. யாரோ வாயைத் திறந்தபடி மூச்சு விடுகிற மாதிரி.

"இப்படித்தான், ஒவ்வொரு மத்தியானமும்," எமிலியானா கிசுகிசுத்தாள். "பதில் வரும்வரை பாட்டு நகராது. சுவர் எல்லாம் நடுங்கும். வந்தேன் அப்பா, வந்தேன் அப்பா என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். நான் அவருக்கு வேண்டாம். நேற்று நான் கூப்பிட்டபோது நீ ரெலிஃபோனில் வாறன் என்று சொன்னாய். ஸ்பீக்கரில் அதைக் கேட்டதும் அடங்கிவிட்டார்."

சிவதர்சினி தொண்டையைத் தடவிப் பார்த்தாள். நேற்றுப் பழக்கத்தில் சொன்ன சொல். இன்று காலை எழும்பியபோது குரலில் இன்னொரு பங்கு இல்லை.

அவள் ஊசியைத் தூக்கிவிட்டாள். கரகரப்பு நிற்கவில்லை.

கம்பி மறுபடி ஏறியது, இந்த முறை பலமாக. அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அந்த அதிர்வுக்குள், வெகு பின்னால், வேறொரு சத்தம்.

ஒரு பெண்.

"வாறன்."

அவள் பிறக்க முன்னம் பதிந்த பாட்டு அது.

"வாறன் ஐயா. இந்தா, வாறன்."

அவளுடைய குரல். தேயாத, கணீரென்ற பழைய குரல். ஒன்றன்மேல் ஒன்றாக, சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் அரை நித்திரையிலிருந்தும் அவள் சொன்ன அத்தனை வாறன்களும் தட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. போன குரல் எங்கே போனது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஒரு தரம் சொன்னால் மிச்சமும் அங்கேதான்.

"ஒரு தரம் சொல்லு தர்சி. இங்கேயே அறை தருகிறேன். வேலைக்கு எழுதித் தருகிறேன், உன் பெர்மெஸ்ஸோவைப் பற்றி நீ இனிக் கவலைப்படவே வேண்டாம். மத்தியானத்தில் ஒரு சொல். அவ்வளவுதான்."

வதிவிட அனுமதி முடிகிற காலம் நெருங்கியது உண்மை. அதற்கு யாராவது வேலை எழுதித்தரத்தான் வேண்டும். சிவதர்சினிக்கு நாக்கு நுனிவரை வந்தது. அந்தக் கம்பிக்கு எழும்பிப் போக உடம்பே பழகியிருந்தது. முழங்கால் முன்னால் மடங்கியது. அதைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

இந்தக் குரல் அவளுக்குச் சும்மா கிடைத்ததில்லை. வன்னியில் ஷெல் விழுந்து சனம் நாலாபக்கமும் சிதறியபோது, புகைக்குள் ஒன்றும் தெரியாமல் நின்று தங்கச்சியின் பெயரைக் கூப்பிட்டாள். தொண்டையில் இரத்தம் வரும்வரை கூப்பிட்டாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் தங்கச்சி வந்து சேர்ந்தாள். அதைக் கொண்டுபோய் ஒரு கிழவனின் மத்தியானத் தூக்கத்துக்குக் கொடுக்கிறதோ?

அவள் போய் நொத்தாரிசின் நாற்காலியில் இருந்தாள். அது சூடாக இருந்தது.

"ஐயா," என்றாள், தமிழில். "உங்களைத் தூக்கினனான், துடைச்சனான், ஊட்டினனான். அது வேலை. அண்டைக்கு வாறன் எண்டது வாய்ப்பழக்கம், வாக்கில்லை. நான் வரமாட்டன்."

கடைசிச் சொல் குரலோடு வந்தது. உடைந்த, கரடான குரல். ஆனால் குரல்.

கரகரப்பு நின்றது. தட்டுக்குள் அவளுடைய அத்தனை வாறன்களும் ஒரே நேரத்தில் அடங்கின.

எமிலியானா பஞ்சை எடுத்துவிட்டு, சுவரோடு சாய்ந்து நிலத்தில் குந்தி அழத் தொடங்கினாள். ஆறுதலுக்கா, தன் பதிலை அப்பா ஒரு நாளும் எடுக்கவில்லை என்பதற்கா, தெரியவில்லை. சிவதர்சினி அவளுடைய தோளைத் தொட்டுவிட்டு வெளியே வந்தாள். ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

பஸ்ஸில் ஆட்கள் குறைவு. யன்னலோரம் இருந்தாள். பக்கத்தில் காய்கறிப் பையோடு ஒரு சிசிலிய மனுசி. சிவப்பு விளக்கில் பஸ் நின்று எஞ்சின் இரைச்சல் தணிந்தபோது, இருக்கைகளுக்குப் பின்னாலிருந்து அது வந்தது. அடியிலிருந்து ஏறி, உச்சியில் நின்று.

மனுசி திரும்பிப் பார்த்தாள். பின்னால் எல்லா இருக்கையும் காலி. அவள் சிவதர்சினியின் கையை மெல்லத் தட்டினாள்.

"மகளே, உன்னை யாரோ கூப்பிடுகிறார்கள். பாவம், பதில் சொல்லேன்."

"தெரியும்," என்றாள் சிவதர்சினி, தலையைத் திருப்பாமல். "கூப்பிடட்டும்."