கல்யாணத்துக்கு வராத சட்டை

அப்துல் மாலிக் கையைக் காட்ட வந்தவன்; முகத்தைக் காட்டவில்லை. புத்தூரில் டாக்டர் வேதவதியின் வைத்தியசாலை மேஜைமேல் இடது கையை நீட்டி வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனை அழைத்து வந்த தங்கை ஜஹானாரா பக்கத்தில் நின்றாள்.

டாக்டரின் விரல்கள் முழங்கையிலிருந்து மெல்ல இறங்கின. முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பின்மேல், கட்டைவிரல் நின்றது. எப்போதோ உடைந்து கூடிய இடம் அங்கே புளியங்கொட்டை அளவுக்குப் புடைத்திருந்தது. கட்டைவிரல் பக்கத்து எலும்பையும் தடவிப் பார்த்தார். அதில் ஒரு குறையும் இல்லை.

"எப்படி உடைஞ்சது?"

"கோதாவுல விக்டர் முறுக்கிட்டான், டாக்டரம்மா." பாடம் ஒப்பிக்கும் குரல்.

நர்ஸ் லூர்துராணிக்கு அவனை நினைவிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், அவள் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது, இதே கையோடு இவனைக் கொண்டுவந்தார்கள். அப்போதும் இவன் சுவரைத்தான் பார்த்தான். வலி என்றுதான் அவள் அன்று நினைத்தாள்.

மாலிக் வெளியே போனதும் ஜஹானாரா பேசினாள். திருவானைக்காவல் குஸ்தி கம்பெனியில் டிக்கெட் போட்டு நடக்கும் பெரிய குஸ்திகளில் அவள் அண்ணனும் விக்டரும்தான் அந்நாளில் பேர்போனவர்கள். ஒரு காலைப் பயிற்சியில் விக்டர் வேண்டுமென்றே கையை முறுக்கி உடைத்ததாகச் சொல்லி, கம்பெனி அவனைத் துரத்திவிட்டது. கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தவன், பயில்வான்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் பாக்கியநாதன். அதன்பின் எந்தக் கம்பெனியும் விக்டரைச் சேர்க்கவில்லை. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான். மாலிக்குக்குக் கோதா வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை கொடுத்தார்கள். இன்று சாயங்காலம், அங்கே குஸ்தி கற்றுக்கொடுக்கும் வஸ்தாது ராஜகோபாலனிடம் புதிய விடுதியை ஒப்படைக்கப்போகிறார்கள். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் இனி அவர் பொறுப்பிலேயே தங்குவார்கள். அவருக்கு மாலை போடப்போவது மாலிக்.

"அது என் நிக்காஹ் அன்னைக்கு நடந்ததுங்க. அண்ணன் வரவே இல்லை. அவருக்குன்னு நானே தச்சு, அத்தர் போட்டு, முதல் நாள் கொடுத்தனுப்பின முழுக்கைச் சட்டையையும் அப்புறம் பாக்கலை. விக்டர் அப்படிப்பட்ட ஆள் இல்லைங்க. ஆனா அண்ணன் வாயைத் திறக்க மாட்டேங்கறார். அந்த மாலையைப் போட்டுட்டு வந்தா அவர் மனுஷனா இருக்க மாட்டார்."

அவள் போனபின் லூர்துராணிக்கு ஆற்றாமை பொங்கியது. "இப்படி ஒரு ஊமையா, டாக்டரம்மா? நானாயிருந்தா ஊரைக் கூட்டியிருப்பேன்."

"சோறு போடற இடத்துலேயே பயமும் இருந்தா, எந்த ஊரைக் கூட்டுவே, ராணி? அது இருக்கட்டும். அன்னிக்கு அவன் என்ன உடுத்திண்டிருந்தான்?"

அவள் கண்ணை மூடி யோசித்தாள். முதலில் வந்தது வாசனை. பிறகு கத்தரிக்கோல். "சட்டைங்க. கை வீங்கி, கழட்ட முடியலை. நான்தான் வெட்டினேன். புதுச் சட்டை, மனசே வரலை."

"மண்?"

"மண்ணா? ஒண்ணும் இல்லையே."

டாக்டர் எழுந்தார். விக்டரைக் கோதாவுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார், ஜட்காவும் வந்தது. காவேரிப் பாலத்தில் குதிரை நடைபோட்டபோது லூர்துராணி தன் முடிவைச் சொல்லிவிட்டாள். "எண்ணெய் தேய்க்கிற ஆள்தாங்க. அன்னைக்கு மாலிக்கைக் கொண்டுவந்தப்பவே அவன் முழி சரியில்லை."

"முழியை வச்சுத் தீர்ப்புச் சொன்னா, நம்மகிட்ட மருந்து வாங்கறவாள்ல பாதிப் பேர் ஜெயில்ல இருக்கணும்."

கோதாவைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. சலித்த செம்மண்ணில் எண்ணெயும் மஞ்சளும் கலந்த மணம். செக்ரட்டரி சௌரிராஜன் ரோஜா மாலைத் தட்டோடு பரபரத்துக்கொண்டிருந்தார். வெள்ளிப்பூண் போட்ட கருங்காலித் தடியை மடியில் கிடத்தி, வஸ்தாது நாற்காலியில் வீற்றிருந்தார். விக்டர் வாசலுக்கு வெளியே நின்றான். உள்ளே வர அவனுக்கு இன்னும் அனுமதியில்லை.

மாலைக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றார் டாக்டர். ஊரில் பாதிப் பேருக்கு மருந்து கொடுத்தவரிடம் மறுக்க சௌரிராஜனால் முடியவில்லை. டாக்டர் பாக்கியநாதனிடம் திரும்பினார்.

"மாலிக்கை நீங்கதானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேள்? கோதாவிலேருந்து நேரேயா?"

"நேரேதாம்மா. லங்கோட்டோட, உடம்பெல்லாம் மண்ணோட கிடந்தான். அப்படியே வாரி வண்டியில போட்டேன்."

லூர்துராணிக்குச் சுரீரென்றது. அவள் கையில் அந்தக் கத்தரிக்கோலின் கனம் திரும்ப வந்தது. டாக்டர் தலையசைக்க, தான் வெட்டிய சட்டையைப் பற்றி எல்லாரும் கேட்கும்படி அவள் சொன்னாள். கூட்டத்தில் ஜஹானாரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மத்தவா விழுந்தா மீசையில மண் ஒட்டலைன்னு பொய் சொல்லுவா," என்றார் டாக்டர். "இங்கே ஒட்டாத மண்ணை ஒட்டினதாச் சொல்றா. கோதாவுல யாரும் சட்டை போட்டுண்டு இறங்கறதில்லை. உடைஞ்ச கையை முழுக்கைச் சட்டைக்குள்ள நுழைக்கவும் முடியாது. அப்போ, கை உடைஞ்சபோதே சட்டை உடம்புல இருந்திருக்கு. மாலிக் பயிற்சிக்கு வரலை. தங்கை கல்யாணத்துக்குக் கிளம்பி நின்னிருக்கான். இன்னொண்ணு. முறுக்கி உடைச்சா ரெண்டு எலும்பும் போகும், இல்லேன்னா மூட்டு பிசகும். இவனுக்குச் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு ஒண்ணுதான், நடுவுல உடைஞ்சிருக்கு. முகத்துக்கு வர்ற அடியைத் தடுத்தவனுக்கு அங்கேதான் உடையும்."

"பொம்பளை வந்து எனக்குக் குஸ்தி சொல்லிக்கொடுக்கறாளா?" வஸ்தாது எழுந்தார். "டேய் மாலிக், வாயில என்னடா? சொல்லுடா!" தடி அவனை நோக்கி உயர்ந்தது.

மாலிக்கின் இடது கை தானாக எழுந்து முகத்தை மறைத்தது. தடி அந்தரத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் அது வந்து இறங்கியிருக்கக்கூடிய இடத்தில் அந்தப் புளியங்கொட்டைப் புடைப்பு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. அடக்கிவைத்த நாக்கு சொல்லாததை இந்தக் கை இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது என்று லூர்துராணிக்குப் பட்டது. ஊமை என்று சொன்னோமே என்று கூசினாள்.

மாலிக் கையைத் தாழ்த்தினான். முதன்முறையாகச் சுவரைப் பார்க்காமல் பேசினான். "கல்யாணத்துக்கு லீவு கேட்டேன். இதே தடிதான். மறுபடி ஓங்கினப்ப விக்டர் குறுக்க வந்து தடுத்தான். அதுக்குத்தான் பழியை அவன் மேல போட்டாங்க. பேசினா எனக்கும் சோறு இல்லைன்னாங்க."

சௌரிராஜன் மாலைத் தட்டைக் கீழே வைத்தார். பெரிய குஸ்திக்கு டிக்கெட் விற்றாகிவிட்டது, வஸ்தாது இல்லாமல் கம்பெனி மூழ்கிவிடும் என்று பயந்து மூடிவிட்டதாக டாக்டரிடம் முணுமுணுத்தார், மன்னிக்கச் சொன்னார்.

"மன்னிப்பு என்கிட்ட இல்லை. வாசல்ல நிக்கறவன்கிட்டக் கேளுங்கோ."

சௌரிராஜன் தானே போய் விக்டரை உள்ளே அழைத்துவந்தார். அவர் காதோரம் மன்னிப்புக் கேட்டதும் விக்டர் சொன்னான்: "என்கிட்ட ரகசியமா வேணாங்க. என்னைத் துரத்தினப்ப எவ்வளவு சத்தமாச் சொன்னீங்களோ, அவ்வளவு சத்தமா சொல்லுங்க. போலீஸ்லயும் சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்."

அவர் சொன்னார். ஒன்றையும் விடாமல் சொன்னார். செக்ரட்டரி பதவியை விடுவதாகவும் சொன்னார். வஸ்தாதை இரண்டு பயில்வான்கள் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். தடி சாட்சியாகப் பின்னால் போயிற்று. பாக்கியநாதன் மாலிக்கின் காலில் விழப் போனான்.

"எழுந்திரு. நீயும் அந்தத் தடிக்குப் பயந்தவன்தானே. ஸ்டேஷன்ல உண்மையைச் சொல்லிட்டு வா, வேலை இருக்கும்," என்ற மாலிக், கூட்டத்தைப் பார்த்தான். "விடுதிச் சாவி இனி என்கிட்ட இருக்கணும். அங்கே தடி வராது." ஆமாம் என்று எழுந்த சத்தத்தில் மரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பின.

விக்டர் சட்டையைக் கழற்றிவிட்டு, மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக் கோதாவில் இறங்கினான். இறங்குகிறவன்மேல் இன்னொரு பயில்வான் மண்ணை வாரிப் பூசிவிட்டால்தான் ஆட்டம். மாலிக் குனிந்தான். உடைந்து கூடிய இடது கையால் செம்மண்ணை அள்ளி, விக்டரின் மார்பிலும் முதுகிலும் அழுந்தப் பூசினான். ஜஹானாரா அழுதுகொண்டே சிரித்தாள்.

ரோஜா மாலையை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. லூர்துராணிதான் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். வீடு திரும்பும்போது, காவேரிப் பாலத்தின்மேல், ஜட்காக் குதிரை ரோஜா மாலையோடு மாப்பிள்ளைபோல நடந்தது.