ரும்மானாவைக் காணோம்

வதாத் வந்தபோது நஸீராவும் மருந்துக்கடை கஸ்ஸானும் பால்கனியில் காலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நஸீரா கடற்கரை நகரத்தில் விசாரணை நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்று, ஐன் தீன் என்ற இந்த மலையூருக்குக் குடிவந்தவர். கஸ்ஸானுக்குக் கடையைவிட அவர் கூடவே சுற்றித் துப்பறிவதில்தான் ஆசை.

வதாத் உட்காரவில்லை. வௌவால் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவியான அவர், பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவர். நெடுநெடுவென்ற உயரம், கண்டிப்பான குரல். அந்தக் குரல் இன்று நிலைகொள்ளாமல் தடுமாறியது.

"ரும்மானாவைக் காணோம். யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க."

ரும்மானா ஒரு பழந்தின்னி வௌவால். வசந்தகாலத்தில், பழத்தோட்டக்காரர் ஷாஹீன் பழங்களைக் காக்க மரத்தில் கட்டிய வலையில் சிக்கி அதன் சிறகு கிழிந்துபோனது. அவரே வலையை வெட்டி, அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். அன்றைக்கே தன் தோட்டத்து வலைகளையெல்லாம் அவிழ்த்துவிட்டுச் சங்கத்திலும் சேர்ந்தார். அவரைப் பார்த்து மற்றத் தோட்டக்காரர்களும் வலைகளை அவிழ்த்தார்கள். சங்கம் என்றால் வதாத், அவர் கணவர் துஃபீக், ஷாஹீன் ஆகிய மூன்றே பேர். மூவரிடமும் வௌவால் அறையின் சாவி இருந்தது.

முந்தின நாள் மாலை மங்கும் நேரத்தில் ஷாஹீன் அந்த அறையிலிருந்து வெளியே வந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்திருக்கிறாள். காலையில் கூண்டு காலி. வதாத் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"அப்புறமென்ன, அவன்தான். போலீசுக்குச் சொல்லிடலாமா?" என்றார் கஸ்ஸான்.

நஸீரா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஷாஹீன் சங்கத்தை விட்டுப் போனால் என்ன ஆகும் என்று கேட்டார். அத்திப்பழம் பழுக்கும் முன்னே ஊர் முழுக்க மறுபடி வலை ஏறிவிடும் என்றார் வதாத். சொல்லும்போதே கண் கலங்கியது.

வௌவால் அறை வதாத் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஒருகாலத்தில் பட்டுப்புழு வளர்த்த உயரமான அறை. துஃபீக் காப்பித் தட்டோடு வந்தார். கனிவான முகம், குள்ளமான உருவம். மேல் அலமாரியிலிருந்த கோப்பைகளை வதாத்தான் எட்டி எடுத்துக் கொடுத்தார். ரும்மானாவைக் காலையில் வதாத்தும் மாலையில் துஃபீக்கும் கவனித்துக்கொள்வது வழக்கம் என்று பேச்சில் தெரியவந்தது. மகன் கனடாவுக்குப் போனதிலிருந்து வதாத் காலை முழுக்க அந்த வௌவாலைக் கழுத்துத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருப்பாராம்.

நஸீரா மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலின் கம்பிவலைச் சட்டம் உள்பக்கம் கொக்கி மாட்டியிருந்தது. கூண்டின் கதவும் ஒழுங்காகச் சாத்திக் கொக்கி போட்டிருந்தது. தீனிக் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. சுண்ணாம்புச் சுவர் ஒரு மட்டம் வரைக்கும் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. அதற்குமேல், உத்தரங்களின் நிழலில், பழச்சாறு தெறித்துக் காய்ந்த மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன.

"கஸ்ஸான், சுவரோரமா நின்னு கையைத் தூக்குங்க."

கஸ்ஸானின் விரல்கள் துடைத்த மட்டத்தைத் தாண்டி ஒரு சாண் மேலே எட்டின. அவர் அப்படியொன்றும் உயரமில்லை. நஸீரா கையை இறக்கச் சொல்லிவிட்டு ஷாஹீன் தோட்டத்துக்குக் கிளம்பினார்.

ஷாஹீன் அத்திமரத்தடியில் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வாசல் நிலையில் தலை இடிக்கிற ஆள். இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"திரும்பி வந்துச்சா, ஜட்ஜம்மா?"

இல்லையென்று நஸீரா தலையசைத்ததும் அவர் முகம் ஒரு மாதிரி மலர்ந்தது. அதற்குமேல் எவ்வளவு கேட்டும் வாய் திறக்கவில்லை. ஒரு தட்டு நிறையப் பீச் பழம் மட்டும் கொடுத்தனுப்பினார்.

வழியெல்லாம் கஸ்ஸான் கொதித்தார். "வரலைன்னதும் சந்தோஷப்படுறான், பார்த்தீங்களா? இவனேதான் அதைத் தீர்த்துக்கட்டியிருக்கான்."

"அவர் கேட்டதை இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்க" என்றார் நஸீரா.

பிற்பகலில் நஸீரா சங்கத்தார் மூவரையும் வௌவால் அறைக்கு வரவழைத்தார். ஷாஹீன் வாசலருகே ஒதுங்கி நின்றார். வதாத் அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"கிழிஞ்ச சிறகோட கிடக்கிற வௌவால் காணாம போனா, யார் எடுத்தான்னுதானே கேப்போம்?" என்று நிதானமாகத் தொடங்கினார் நஸீரா. "ஷாஹீன் அப்படிக் கேக்கலை. திரும்பி வந்துச்சான்னு கேட்டார். பறக்கத் தெரிஞ்சதுதான் திரும்பி வரும்."

வதாத் நிமிர்ந்தார். அந்தச் சிறகு தேறாது என்று தானே பார்த்துச் சொன்னதாக வாதாடினார். எப்போது பார்த்தீர்கள் என்று நஸீரா கேட்டார். வசந்தத்தில் என்று முணுமுணுத்தார் வதாத். வசந்தத்துக்குப் பிறகு அவர் அந்தச் சிறகை விரித்தே பார்க்கவில்லை என்பது அதிலேயே தெரிந்தது.

"மேல பாருங்க. கூண்டுல கிடக்கிறது உத்தரத்துக்குப் பக்கத்துல பழத்தைத் துப்ப முடியாது. சாயங்காலம் சாயங்காலம் இங்க அது பறந்திருக்கு. யாரோ தினமும் சுவரைத் துடைச்சிருக்காங்க. கை எட்டுற வரைக்கும் துடைச்சிருக்காங்க, அதுக்கு மேல முடியலை. அது ஷாஹீன் இல்லை, அவர் கை இன்னும் எவ்வளவோ மேல எட்டும். நீங்களும் இல்லை, வதாத். எடுத்துட்டுப் போறவன் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வச்சுட்டுப் போக மாட்டான். ஜன்னலை உள்பக்கமிருந்து திறந்து, அது போனதும் கொக்கியை மாட்டியிருக்காங்க. அப்புறம்தான் கிண்ணத்தைக் கழுவியிருக்காங்க. பழக்க தோஷம்."

துஃபீக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான்தான்" என்றார்.

நேற்றுப் பழம் கொண்டுவந்த ஷாஹீன், ஜன்னல் திறந்திருந்ததையும் வௌவால் வெளியேறியதையும் பார்த்துவிட்டாராம். காலையில் பழி ஷாஹீன்மேல் விழுந்ததும் உண்மையைச் சொல்லிவிடத்தான் துஃபீக் அவரிடம் ஓடினார். ஷாஹீன் விடவில்லை. சிறகைக் கிழித்தது தன் வலைதான், அதனால் இந்தப் பழி தன்மேலேயே இருக்கட்டும், உங்கள் வீட்டுக்குள் சண்டை வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம்.

கஸ்ஸான் காதுவரை சிவந்துபோனார். ஷாஹீனிடம் போய், தான் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டதாகத் தணிந்த குரலில் சொன்னார். தன் காதுக்கு எதுவும் எட்டவில்லையே என்று சிரித்தார் ஷாஹீன்.

வதாத் எழுந்து ஷாஹீனிடம் போனார். அவரது பெரிய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடு, தம்பி. நீ இல்லாம இந்தச் சங்கமே இல்லை" என்றார். ஷாஹீன் சங்கடத்தோடு தரையைப் பார்த்தார். நாளைக்கு மேலத்தெருத் தோட்டங்களுக்குப் போய்ப் பேச வேண்டும், வருகிறீர்களா என்று மட்டும் கேட்டார். வருகிறேன் என்றார் வதாத்.

பிறகு கணவரிடம் திரும்பினார்.

"குணமானதை வெளிய விடணும்னு சொன்னவளே நான்தானே. விட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அது முதல்முதலா பறந்த அன்னைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டிருந்தா நீ அழுதிருப்ப. நீ அழுதா நான் ஜன்னலைத் திறந்திருக்கவே மாட்டேன்."

வதாத் காலிக் கூண்டின் கொக்கியைக் கழற்றிக் கதவைத் திறந்துவைத்தார். நஸீரா கஸ்ஸானின் தோளைத் தொட்டுக் கிளம்பலாம் என்று சைகை காட்டினார். கஸ்ஸானுக்கு நகர மனம் வரவில்லை.

"எப்படிப் பறந்துச்சு?" என்றார் வதாத்.

துஃபீக் உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தார். முதல் நாள் அது சுவரில் மோதிச் சறுக்கியது. மறுநாள் உத்தரம்வரை போய்த் தொங்கிக்கொண்டு இறங்க மாட்டேனென்று அடம்பிடித்தது. பிறகொரு மாலை, இறக்கை காற்றை அறையும் சத்தத்தோடு அறையைச் சுற்றிச் சுற்றி வந்தது. விழுந்தால் அடிபடக் கூடாதென்று தரையெல்லாம் தலையணை பரப்பி வைத்திருந்தாராம்.

"எந்தத் தலையணை?"

துஃபீக் தயங்கினார். "கூடத்துல இருக்கிற வெள்ளைத் தலையணைங்க."

"அதுல பழக்கறை எப்படி வந்துச்சுன்னு தெரியாம நான் மாசம் பூரா துவைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் வதாத். கண்ணில் நீர் வழிய, அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.